'இஃப்' மட்டும் போட்டால் போதாது: நடக்காததை ஆங்கிலத்தில் சொல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு கூட்டத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். "நேரம் இருந்தால் வருகிறேன்" என்று பதில் போட நினைத்து, ஆங்கிலத்தில் "இஃப் ஐ ஹேட் டைம், ஐ வுட் கம்" என்று எழுதி அனுப்பினேன். பணிவாக எழுதிவிட்டதாகத்தான் நினைப்பு. அன்றைக்கு நேரமும் கிடைத்துப் போய் நின்றால், எனக்கென்று நாற்காலி இல்லை. "நீங்கள்தான் வர முடியாது என்று சொல்லிவிட்டீர்களே!" என்றார் அழைத்தவர். நான் எங்கே சொன்னேன் என்று முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தால், சொல்லித்தான் இருந்தேன். அந்த ஆங்கில வாக்கியத்துக்கு "எனக்கு நேரமில்லை, அதனால் வரவில்லை" என்றுதான் பொருள்.

தமிழில் "நேரம் இருந்தால் வருவேன்" என்பதை நேரம் கிடைக்கக்கூடியவரும் சொல்வார். மூச்சுவிட நேரமில்லாதவரும் பெருமூச்சோடு அதையே சொல்வார். எந்தப் பொருள் என்பதைக் குரலும் சூழலும் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலம் அந்த வேலையைக் குரலிடம் விடாமல் வினைச்சொல்லிடம் ஒப்படைத்திருக்கிறது. நாம் தடுமாறுவது இந்த ஒரே இடத்தில்தான்.

இனி வரும் ஆங்கில வாக்கியங்களை ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள். பாதிப் பயிற்சி அதிலேயே முடிந்துவிடும்.

படி 1: "எப்போது?" என்று கேட்காமல், "நடக்குமா?" என்று கேளுங்கள்

கீழே உள்ள இரண்டையும் வாய்விட்டுப் படியுங்கள்.

"இஃப் ஐ ஃபைண்ட் த கீ, ஐ வில் ஓப்பன் த டோர்."
"இஃப் ஐ ஃபவுண்ட் த கீ, ஐ வுட் ஓப்பன் த டோர்."

தமிழில் இரண்டுமே "சாவி கிடைத்தால் கதவைத் திறப்பேன்"தான். முதல் வாக்கியத்தைச் சொல்பவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார், சாவி கிடைக்கலாம். இரண்டாவதைச் சொல்பவருக்கு அந்த நம்பிக்கை இல்லை, அல்லது சும்மா கற்பனை செய்து பார்க்கிறார். 'ஃபவுண்ட்' என்பது இறந்தகால வடிவம். ஆனாலும் இங்கே நேற்றைய பேச்சே இல்லை. அந்த வடிவம் காலத்தைக் காட்டாமல், சொல்லப்படும் விஷயத்தை நிஜத்திலிருந்து ஓரடி தள்ளி வைக்கிறது.

"எதிர்காலத்தைச் சொல்ல இறந்தகாலமா?" என்று குழம்புகிறவர்கள் "கிடைத்தால்" என்ற சொல்லைக் கொஞ்சம் உடைத்துப் பார்க்கலாம். பெய்தது, பெய்தால். வந்தது, வந்தால். கண்டேன், கண்டால். இறந்தகாலத்தைக் காட்டுகிற அதே இடைநிலை 'ஆல்' சேர்ந்த வடிவத்திலும் உட்கார்ந்திருக்கிறது. "நாளை மழை பெய்தால்" என்னும்போது யாரும் நேற்றைய மழையை நினைப்பதில்லை. பிறந்ததிலிருந்து நாம் செய்துவருவதைத்தான் ஆங்கிலமும் செய்கிறது. ஒரே வித்தியாசம்: தமிழ் எல்லா நிபந்தனைக்கும் இந்த வடிவத்தை எடுத்துக்கொள்கிறது, ஆங்கிலம் நடக்காதவற்றுக்கும், நடக்க வாய்ப்புக் குறைந்தவற்றுக்கும் மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறது.

பாடப் புத்தகங்கள் பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று என்று இந்த 'இஃப்' வாக்கியங்களுக்கு எண் போடும். எண்களை மனப்பாடம் செய்தவர்கள் பேசும்போது எண்ணைத் தேடிக்கொண்டு நின்றுவிடுவதைத்தான் பார்த்திருக்கிறேன். ரோட்னி ஹடில்ஸ்டனும் ஜெஃப்ரி புல்லமும் 2002ல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணம் இரண்டே வகையாகப் பிரிக்கிறது: திறந்த நிபந்தனை (நடக்கக்கூடியது), தொலைவு நிபந்தனை (நடக்காதது, அல்லது வாய்ப்புக் குறைந்தது). கதவு திறந்திருக்கிறதா, தொலைவில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. எனக்கு இந்தப் பிரிவே போதுமானதாகத் தோன்றுகிறது.

படி 2: இன்றைக்கு இல்லாததைச் சொல்வது

'இஃப்' இருக்கும் பாதியில் வினையின் இரண்டாம் வடிவம், அதாவது இறந்தகால வடிவம். மறு பாதியில் 'வுட்', அதன் பின் வினையின் மூல வடிவம்.

"இஃப் ஐ நியூ தி ஆன்ஸர், ஐ வுட் டெல் யூ." விடை தெரிந்தால் சொல்வேன், தெரியாது.
"இஃப் ஐ டிட்ன்ட் ஹேவ் எ ஃபோன், ஐ வுட் ரீட் மோர்." கையில் போன் இல்லாவிட்டால் அதிகம் படிப்பேன், போன் இருக்கிறது, படிப்பதில்லை.

எழுதியதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. வாக்கியத்தை முடித்தபின் மனதுக்குள் "ஆனால் உண்மையில்..." என்று தொடங்குங்கள். உண்டு என்று சொன்னது இல்லை என்றும், இல்லை என்று சொன்னது உண்டு என்றும் புரண்டால் நீங்கள் எழுதியது சரி. என் கூட்டத்துப் பதிலை இந்தச் சோதனையில் போட்டிருந்தால் அனுப்பும் முன்பே மாட்டியிருக்கும். வருங்காலத்தைப் பற்றிய கற்பனை இப்படி முழுதாகப் புரளாது. அங்கே "ஆனால் அது நடக்கும் என்று தோன்றவில்லை" என்று வந்தால் போதும்.

நம்மிடையே மிகப் பரவலான பிழை, இரண்டு பாதியிலும் 'வுட்' போடுவது: "இஃப் ஐ வுட் ஹேவ் டைம், ஐ வுட் கம்." கற்பனைக்கு அடையாளம் 'வுட்' என்று மனதில் பதிந்துவிட்டதால் இரு பக்கமும் அதே சாயத்தைப் பூசிவிடுகிறோம். 'இஃப்' பக்கத்தில் இறந்தகால வடிவமே அந்த வேலையை முடித்துவிட்டது. இன்னொரு பிழை 'வுட்' பின்னால் 'கேம்', 'வென்ட்' என்று போடுவது. 'வுட்' ஏற்கெனவே ஓரடி தள்ளி வைத்தாயிற்று. அடுத்த வினை மூல வடிவத்திலேயே நிற்கட்டும்.

'வுட்' இடத்தில் 'குட்', 'மைட்' வரலாம். "ஐ குட் ஹெல்ப்" என்றால் உதவ முடியும் என்ற பொருள் சேரும். "ஐ மைட் ஹெல்ப்" என்றால் உதவினாலும் உதவலாம்.

இனி, எல்லோரும் கேட்கிற 'வேர்'. "இஃப் ஐ வேர் யூ" என்பதில் 'ஐ'க்குப் பின்னால் 'வாஸ்' வராதது ஏன்? பழைய ஆங்கிலத்தில் கற்பனைக்கென்றே தனி வினை வடிவங்கள் இருந்தன. பிற வினைகளில் அவை இறந்தகால வடிவத்தோடு கரைந்துவிட, 'பி' வினையில் மட்டும் இந்த 'வேர்' மிஞ்சியது. இன்றைய பேச்சில் "இஃப் ஐ வாஸ் ரிச்" என்று தாராளமாகச் சொல்கிறார்கள். அதைத் தவறு என்று திருத்தப் போகவேண்டாம். தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் 'வேர்' போடுவது பாதுகாப்பு. "இஃப் ஐ வேர் யூ" என்ற தொடரை மட்டும் எங்கும் மாற்றாதீர்கள்.

இந்த விதியைக் கற்றவர்கள் அடுத்து விழும் குழி: 'இஃப்' கண்ட இடமெல்லாம் 'வேர்' போடுவது. "இஃப் ஹி வாஸ் அட் த மீட்டிங் யெஸ்டர்டே, ஹி நோஸ்." நேற்று கூட்டத்தில் இருந்திருந்தால் அவருக்குத் தெரியும், இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. இது நிஜமான நேற்று. கற்பனை எதுவும் இல்லை, எனவே 'வாஸ்'தான் சரி.

நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. "வாட் வுட் யூ டூ இஃப்..." என்று கேள்வி வந்தால் பதிலும் "ஐ வுட்" என்றே தொடங்கட்டும். அவர்கள் ஒரு கற்பனைச் சூழலைக் கொடுத்திருக்கிறார்கள். 'வில்' என்று பதில் சொன்னால் புரியாமல் போகாது, ஆனால் அந்தச் சூழலைவிட்டு வெளியே வந்து பேசுவது போல இருக்கும்.

படி 3: 'இரு' எங்கே, 'ஹேவ்' அங்கே

நடந்து முடிந்ததை மாற்றி யோசிப்பது அடுத்தது. இதைத்தான் எல்லோரும் கடினம் என்கிறார்கள். தமிழருக்கு இதுதான் மிக எளிது என்பேன். ஏனென்றால் இங்கே தமிழ் குழப்பமே வைக்கவில்லை.

"நீ சொல்லியிருந்தால் நான் வந்திருப்பேன்."

சொல்லி + இருந்தால். வந்து + இருப்பேன். இன்னொரு வினையோடு ஒட்டிக்கொண்டு 'இரு' இரண்டு முறை வருகிறது. ஆங்கிலத்தில் அந்த இரண்டு இடத்திலும் 'ஹேவ்' வரும்.

"இஃப் யூ ஹேட் டோல்ட் மீ, ஐ வுட் ஹேவ் கம்."

'இஃப்' பக்கத்து 'ஹேவ்' ஓரடி பின்வாங்கி 'ஹேட்' ஆகிறது. மறுபக்கத்தில் 'வுட்' முன்னால் நிற்பதால் அது 'ஹேவ்' ஆகவே இருக்கும். அவன், அவள் என்று யார் வந்தாலும் 'வுட் ஹேஸ்' ஆகாது. 'வுட் ஹேட்' எந்தக் காலத்திலும் ஆகாது. இரண்டுக்கும் பின்னால் வினையின் மூன்றாம் வடிவம்: 'ஹேட் ரிட்டன்', 'வுட் ஹேவ் சீன்'. 'ஹேட் ரோட்', 'வுட் ஹேவ் வென்ட்' என்று இரண்டாம் வடிவம் நாக்கில் வரும். ரைட்-ரோட்-ரிட்டன், கோ-வென்ட்-கான் போல இரண்டும் மூன்றும் வேறுபடும் வினைகளை மட்டும் ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை தானாக வந்துவிடும்.

இந்தச் சாவி இன்னொரு பூட்டையும் திறக்கும். "எனக்கு நேரம் இருந்திருந்தால்" என்பதை ஆங்கிலத்தில் "இஃப் ஐ ஹேட் ஹேட் டைம்" என்று எழுத வேண்டும். இரண்டு 'ஹேட்' பார்த்ததும் அச்சுப்பிழை என்று ஒன்றை அடித்துவிடுகிறார்கள். தமிழில் 'இருந்திருந்தால்' என்று இரண்டு 'இரு' வருவது நமக்கு உறுத்துவதில்லையே! முதல் 'இரு' நேரம் இருப்பது, இரண்டாவது துணைவினை. ஆங்கிலத்தில் அந்தத் துணைவினையே முன்னால் வந்து நிற்கிறது. "அங்கே இருந்திருந்தால்" என்றால் 'ஹேட் பீன்'. "அங்கே இருந்திருப்பேன்" என்றால் 'வுட் ஹேவ் பீன்'.

சாவி திறக்காத இடங்களும் உண்டு. மேலே கூட்டத்தில் "இருந்திருந்தால்" என்று பார்த்தோமே, அதுபோல உண்மை தெரியாமல் ஊகிக்கும்போதும் தமிழ் இதே வடிவத்தைப் போடும். "அவர் கிளம்பியிருந்தால் வழியில் பார்த்துவிடலாம்" என்பது அப்படித்தான்: "இஃப் ஹி ஹேஸ் லெஃப்ட், வி வில் மீட் ஹிம் ஆன் த வே." முதல் படியின் கேள்வியை முதலில் கேட்டுவிட்டால் இந்தக் குழப்பம் வராது. பேச்சில் நாம் "அப்பவே சொன்னா வந்திருப்பேனே" என்று ஒரு 'இரு'வை விழுங்குவதும் உண்டு. ஆங்கில எழுத்தில் அந்தச் சலுகை கிடையாது.

படி 4: நேற்றையும் இன்றையும் கலப்பது

காரணம் நேற்று, விளைவு இன்று என்றால் ஒவ்வொரு பாதியும் தன் காலத்துக்கு ஏற்ற வடிவத்தை எடுக்கும்.

"இஃப் ஐ ஹேட் டேக்கன் தட் ட்ரெய்ன், ஐ வுட் பி தேர் நவ்." அந்த ரயிலில் ஏறியிருந்தால் இந்நேரம் அங்கே இருப்பேன்.

இதில் 'இருப்பேன்' தனியாக நிற்பதைக் கவனியுங்கள். வேறு வினையோடு ஒட்டவில்லை, எனவே 'ஹேவ்' இல்லை, வெறும் 'பி'. திசையைத் திருப்பியும் சொல்லலாம்: "இஃப் ஐ நியூ ஹௌ டு ஸ்விம், ஐ வுட் ஹேவ் ஜம்ப்ட் இன்." நீச்சல் தெரியாமை இன்றும் தொடர்கிறது, குதிக்காமல் நின்றது அன்று.

படி 5: மேற்குறிக்கு (அபாஸ்ட்ரஃபி) பின் ஒற்றை 'டி'

"இஃப் ஐட் நோன், ஐட் ஹேவ் டோல்ட் யூ." இரண்டு இடத்திலும் ஒரே 'ஐட்'. முதலாவது 'ஐ ஹேட்', இரண்டாவது 'ஐ வுட்'. அடுத்து மூன்றாம் வடிவம் வந்தால் 'ஹேட்'. மூல வடிவமோ 'ஹேவ்' என்ற சொல்லோ வந்தால் 'வுட்'. 'பெட்டர்' வந்தால் 'ஹேட்', 'ராதர்' வந்தால் 'வுட்'. காதால் கேட்கும்போது இதைப் பிரித்தறிய வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

'வுட் ஹேவ்' வேகத்தில் 'வுடவ்' என்று ஒலிக்கும். அதைக் கேட்டு 'வுட் ஆஃப்' (ஓ, எஃப்) என்று எழுதுவது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடமும் உள்ள பிழை. இணையத்தில் ஏராளமாகக் கண்ணில் படும். அதைப் பார்த்துப் பழகிவிடாதீர்கள்.

படி 6: 'இஃப்' பக்கத்தில் 'வுட்' வரும் சில நேரங்கள்

விதியைச் சொன்னால் விலக்கையும் சொல்ல வேண்டும். பணிவாக வேண்டும்போது வரலாம்: "இஃப் யூ வுட் வெய்ட் ஹியர், ஐ வில் கால் ஹிம்." இங்கே 'வுட்' என்பது காத்திருக்க உங்களுக்குச் சம்மதமானால் என்ற பொருள். அமெரிக்கப் பேச்சில் "இஃப் யூ வுட் ஹேவ் டோல்ட் மீ" என்று நிறையக் கேட்கலாம். கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், எழுத்தில் வேண்டாம்.

படி 7: 'இஃப்' இல்லாமலும் அதே ஓரடி

'இஃப்'பை எடுத்துவிட்டு வினையை முன்னால் தூக்கிப் போடுவது எழுத்து நடையில் அழகு. "ஹேட் ஐ நோன், ஐ வுட் ஹேவ் ஸ்டேய்ட்." "வேர் ஐ இன் யுவர் பொசிஷன், ஐ வுட் வெய்ட்." "ஷுட் யூ நீட் ஹெல்ப், ப்ளீஸ் கால்." இப்படித் தலைகீழாக்கும்போது எதிர்மறையைச் சுருக்கக் கூடாது: "ஹேட் ஐ நாட் நோன்" சரி, "ஹேடன்ட் ஐ நோன்" தவறு. "பட் ஃபார் யுவர் ஹெல்ப், ஐ வுட் ஹேவ் ஃபெய்ல்ட்" என்றால் உங்கள் உதவி மட்டும் இல்லாதிருந்தால் தோற்றிருப்பேன்.

'வேர் டு' நடக்க வாய்ப்புக் குறைந்ததுபோல் காட்டும், அல்லது சொல்வதைத் தயங்கித் தயங்கி மென்மையாக்கும்: "இஃப் ஐ வேர் டு ரிஸைன்..." செயலைக் குறிக்கும் வினையோடுதான் இது ஒட்டும். 'நோ', 'லைக்' போன்ற நிலையைக் காட்டும் வினைகளோடு சேராது.

'விஷ்' தனிக் கவனம் கேட்கிறது. "ஐ விஷ் ஐ நியூ" என்றால் எனக்குத் தெரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், தெரியாது. "ஐ விஷ் ஐ ஹேட் நோன்" என்றால் அன்றைக்கே தெரிந்திருக்கக் கூடாதா. "ஐ விஷ் யூ வுட் ஸ்டாப்" என்றால் நீ நிறுத்தமாட்டாயா என்ற எரிச்சல். 'ஐ விஷ் ஐ வுட்' என்று தன்னைப் பற்றிப் பொதுவாகச் சொல்வதில்லை. நம்மவர்கள் 'விஷ்' என்பதை 'ஹோப்' போலப் பயன்படுத்தி, "ஐ விஷ் யூ கெட் த ஜாப்" என்று வாழ்த்துகிறார்கள். கிடைக்கட்டும் என்று நம்பும்போது 'ஹோப்'தான் வேண்டும்.

அதே ஓரடி இன்னும் சில இடங்களில் ஒளிந்திருக்கிறது. "இட்ஸ் டைம் வி லெஃப்ட்", கிளம்ப வேண்டிய நேரம், இன்னும் கிளம்பவில்லை. "ஐட் ராதர் யூ கேம் டுமாரோ", நாளை வந்தால் எனக்கு வசதி. "ஹி டாக்ஸ் ஆஸ் இஃப் ஹி நியூ எவ்ரிதிங்", எல்லாம் தெரிந்தவர்போலப் பேசுகிறார். தெரியாது என்று நமக்குத் தெரியும். "வுட் யூ மைண்ட் இஃப் ஐ ஓப்பன்ட் த விண்டோ?" என்று கேட்கும்போது 'ஓப்பன்ட்' பணிவைக் காட்டுகிறது. நிஜத்திலிருந்து தள்ளி நிற்கும் அதே வடிவம் எதிரில் இருப்பவரிடமிருந்தும் மரியாதையாகத் தள்ளி நிற்கிறது.

படி 8: போலி நிபந்தனைகள்

"வென் வி வேர் சில்ட்ரன், இஃப் இட் ரெய்ன்ட், வி வுட் ஸ்டே இன்சைட்." இறந்தகாலம், 'வுட்' எல்லாம் இருக்கிறது, ஆனால் கற்பனை இல்லை. சின்ன வயதில் மழை பெய்தால் உள்ளேயே இருப்போம் என்ற பழைய வழக்கம். "ஆனால் உண்மையில்" சோதனையில் இது புரளாது.

'அன்லெஸ்' நடக்காததற்கு அதிகம் ஒத்துவராது, அங்கே 'இஃப்... நாட்' போடுங்கள். 'இன் கேஸ்' என்றால் முன்னெச்சரிக்கை. "டேக் அன் அம்ப்ரெல்லா இன் கேஸ் இட் ரெய்ன்ஸ்" என்றால் மழை வந்தாலும் வரலாம், இப்போதே குடையை எடுத்துக்கொள் என்று பொருள். மழை வந்தபின் எடு என்று பொருளில்லை. காற்புள்ளி, 'இஃப்' பாதி முதலில் வந்தால் மட்டும்.

பயிற்சி

விடையை மறைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள்.

"நான் நீயாக இருந்தால் கையெழுத்துப் போட மாட்டேன்." விடை: "இஃப் ஐ வேர் யூ, ஐ வுட் நாட் சைன்."

"அவள் கடிதம் எழுதியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்." விடை: "இஃப் ஷி ஹேட் ரிட்டன் எ லெட்டர், ஐ வுட் ஹேவ் நோன்."

"கதவு பூட்டாமல் இருந்தால் உள்ளே போ." இது பொறி. கதவு பூட்டியிருக்கிறதா என்று தெரியாது, ஆகவே திறந்த நிபந்தனை: "இஃப் த டோர் இஸ் நாட் லாக்ட், கோ இன்."

"மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் அவர் இப்போது நன்றாக இருப்பார்." விடை: "இஃப் ஹி ஹேட் டேக்கன் த மெடிசின் ரெகுலர்லி, ஹி வுட் பி ஃபைன் நவ்."

"அன்றைக்குப் பதிலை ஒழுங்காக எழுதியிருந்தால் எனக்கு நாற்காலி கிடைத்திருக்கும்." விடை: "இஃப் ஐ ஹேட் ரிட்டன் த ரிப்ளை ப்ராப்பர்லி, ஐ வுட் ஹேவ் காட் எ சீட்." அமெரிக்க வழக்கில் 'காட்' இடத்தில் 'காட்டன்' வரும், இரண்டும் சரியே.